கூடத்துப் பாட்டும் கூட்டுப் பாட்டும்

அனுபவம் உண்மையாக இருந்தால் படைப்பும் உண்மையாக இருந்துவிடும் என்ற நம்பிக்கை நம் சிறு வட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு மதம். ஒரு கவிதையைப் பற்றிப் பேச்சு வரும்போது, 'அனுபவித்து எழுதியிருக்கிறான்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் விமர்சனம் வாயைத் திறப்பதில்லை. இதே நம்பிக்கை தலைகீழாகவும் நிற்கிறது. ஒரு பாட்டோ கதையோ மலிவாகத் தோன்றினால், எழுதியவன் போலி, காசுக்கு அழுதவன் என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. இரண்டுமே சோம்பலில் பிறந்த தீர்ப்புகள் என்று எனக்குப் படுகிறது. இவற்றைச் சோதித்துப் பார்க்க, நமக்கு வேண்டியவர் வேண்டாதவர் யாருமில்லாத ஓர் இடத்துக்குப் போவது சௌகரியம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் மத்தியதர வர்க்க வீடுகளில் பாடப்பட்ட பாட்டுகள் அப்படியோர் இடம். மிகையுணர்ச்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஆங்கில விமர்சகர்களே முதலில் கைநீட்டிக் காட்டும் இடமும் அதுதான்.

அங்கே இரண்டு வகைப் பாட்டுகள் இருந்தன. ஒன்று பார்லர் பாலட். ஒரு குரல், ஒரு பியானோ, மூன்று நான்கு பத்திகள். சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தாளிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, வீட்டுப் பெண்ணோ, குரல் உண்டென்று பெயரெடுத்த ஒரு கனவானோ பாடுவது. மற்றது பார்ட் ஸாங். நான்கு குரல்கள், சில சமயம் அதற்கு மேலும்; பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. கேட்பவர்கள் இருக்கலாம், இல்லாமலும் பாட்டு நடக்கும். முதலாவதைக் கூடத்துப் பாட்டு என்றும் இரண்டாவதைக் கூட்டுப் பாட்டு என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டையும் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அவர்களில் ஆர்தர் ஸல்லிவன் முக்கியமானவர். கில்பர்ட்டோடு சேர்ந்து எழுதிய நகைச்சுவை ஓபெராக்களால் உலகம் அறிந்த அதே ஸல்லிவன். அவர் எழுதிய 'தி லாங் டே க்ளோஸஸ்' என்ற கூட்டுப் பாட்டு 1868இல் வெளிவந்தது. 'தி லாஸ்ட் கார்ட்' என்ற கூடத்துப் பாட்டு 1877இல். இரண்டும் மரணத்தைப் பற்றியவை. இரண்டுக்கும் இடையே ஒன்பது வருஷம். என் வாதம் முழுவதும் இந்த இரண்டு பாட்டுகளைச் சுற்றியே இருக்கும்.

முதலில் 'லாஸ்ட் கார்ட்' பிறந்த விதம். ஸல்லிவனின் அண்ணன் ஃப்ரெட் ஒரு நடிகர். 1875இல் 'டிரையல் பை ஜூரி' அரங்கேறியபோது நீதிபதியாக நடித்தவர் அவர்தான். 1877 ஜனவரியில் அவர் மரணப்படுக்கையில் கிடந்தார். ஆர்தர் இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில வருஷங்களுக்கு முன் அடிலெய்ட் ப்ராக்டரின் ஒரு கவிதைக்கு இசையமைக்க முயன்று முடியாமல் விட்டிருந்தார். அண்ணன் கண்ணயர்ந்த ஓர் இரவில் அது தானாக வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் உள்ள தேதி ஜனவரி 13. ஃப்ரெட் இறந்தது ஜனவரி 18, வயது 39. மாதம் முடிவதற்குள் அந்தப் பாட்டு லண்டனில் மேடையேறிவிட்டது. பாடியவர் ஆன்ட்வனெட் ஸ்டெர்லிங் என்ற அமெரிக்கப் பாடகி. அந்தக் காலத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அது ஆயிற்று.

அனுபவத்தின் உண்மைக்கு இதைவிடச் சாட்சியம் கேட்க முடியாது. ஆனால் இந்த இரண்டில் கலை என்று நான் சொல்லத் துணிவது, படுக்கையருகே பிறக்காத அந்த முந்தைய பாட்டைத்தான். ஏன் என்பதே இந்தக் கட்டுரை.

*

கூடத்துப் பாட்டின் பின்னாலிருந்த வியாபாரத்தைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1867இல் ஜான் பூஸி என்ற இசைப் பதிப்பாளர் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் பாலட் கச்சேரிகளைத் தொடங்கினார். கச்சேரி நடத்துபவரும் பாட்டை அச்சிட்டு விற்பவரும் ஒருவரே. பிரபலமான பாடகியோ பாடகரோ ஒரு புதுப் பாட்டை மேடைக்கு மேடை பாடினால், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு ஒரு பங்கு. ராயல்டி பாலட் என்ற பெயரே இதிலிருந்து வந்தது. அட்டையில் இன்னார் பாடியது என்று பெயர் பொறிக்கப்படும். 4 ஷில்லிங் என்று விலை அச்சிட்டு 2 ஷில்லிங்குக்கு விற்பது கடைத்தெரு வழக்கம். கச்சேரியில் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் மறுநாள் பிரதியை வாங்கி வீட்டுப் பியானோமேல் வைப்பார். 'க்ளாரிபெல்' என்ற பெயரில் எழுதிய ஷார்லட் பார்னார்ட் என்ற பெண்மணி 1869இல் சாவதற்குள் சுமார் நூறு பாட்டுகளை இந்தச் சந்தைக்குக் கொடுத்தார். ஃப்ரெடெரிக் வெதர்லி என்ற வழக்கறிஞர் எழுதிய பாட்டுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. 1892இன் 'தி ஹோலி ஸிட்டி'யும் 1913இன் 'டேனி பாய்'யும் அவருடைய சொற்கள்தான்.

வியாபாரம் என்றதுமே நம் முகம் சுளித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கூட்டுப் பாட்டும் விற்பனைக்கு வந்த சரக்குத்தான். நாவெல்லோ கம்பெனி 1844இல் 'மியூஸிகல் டைம்ஸ்' பத்திரிகையைத் தொடங்கியபோது ஓர் இதழின் விலை ஒன்றரைப் பென்னி. ஒவ்வோர் இதழோடும் பல குரல்களுக்கான ஒரு பாட்டு கிடைக்கும். ஆக, காசு இரண்டு இடத்திலும் புழங்கியது. வித்தியாசம் எதை விற்றார்கள் என்பதில் இருக்கிறது. பூஸியின் கடையில் ஒருவர் வாங்கிப்போனது ஒரு பாடகியின் உணர்ச்சி; தான் கச்சேரியில் பார்த்த அந்த உருகல். நாவெல்லோவிடம் வாங்கியது, மூன்று பேர் கூட வராவிட்டால் பயன்படாத ஒரு தாள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். நால்வர் பாடும் பாட்டில் இரண்டாம் டெனாருக்கு எழுதப்பட்ட வரியை ஒருவன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனியாகப் பாடினால் அது பாட்டாகவே இராது. இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் ஏதோ ஒரு முனகல். பக்கத்துக் குரல்கள் சேரும்போதுதான் தான் என்ன பாடிக்கொண்டிருந்தோம் என்பதே அவனுக்குத் தெரியவரும்.

*

கூடத்துப் பாட்டு உணர்ச்சியை என்ன செய்கிறது என்பதற்கு முதல் சாட்சியாக நான் அழைப்பது டென்னிஸனை. 'மாட்' என்ற நெடுங்கவிதை 1855இல் வந்தது. அதைச் சொல்பவன் மனநிலை குலையும் விளிம்பில் நிற்பவன். வியாபாரச் சூதாட்டத்தில் அழிந்துபோன தந்தையின் சாவு அவனை விடாமல் அரிக்கிறது. தந்தையின் அழிவில் கொழுத்த குடும்பத்தின் பெண்ணையே அவன் காதலிக்கிறான். விடியும்வரை தோட்டத்தில் அவளுக்காகக் காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பின் பரவசம் முடிந்த கையோடு அவளுடைய அண்ணனோடு துப்பாக்கிச் சண்டை, அண்ணன் விழுகிறான், இவன் நாட்டைவிட்டு ஓடுகிறான், புத்தி பேதலிக்கிறது, கடைசியில் யுத்தத்துக்குப் போவதில் விமோசனம் தேடுகிறான். வெளிவந்த காலத்தில் பலரை முகஞ்சுளிக்க வைத்த கவிதை அது.

இரண்டே வருஷத்தில், 1857இல், மைக்கேல் பால்ஃப் என்ற ஐரிஷ் இசையமைப்பாளர் அதிலிருந்து தோட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தார். அந்தப் பகுதியின் பத்திகளிலும் சிலவற்றை மட்டுமே வைத்துக்கொண்டார். ஸிம்ஸ் ரீவ்ஸ் என்ற புகழ்பெற்ற டெனார் அதை நாடெங்கும் பாடினார். பித்தனின் குரல் ஒரு கனவானின் காதல் அழைப்பாக மாறியது. கவிதையில் அந்தப் பரவசத்தை நாம் நம்பாமல் கேட்கிறோம். இவன் சரியில்லை, ஏதோ நடக்கப்போகிறது என்ற கலக்கம் ஒவ்வொரு பூவின் பெயருக்கும் அடியில் ஓடுகிறது. பூக்களே பேசத் தொடங்கும்போது அது அழகா வியாதியா என்று நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. பாட்டில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. பரவசம் மட்டும் தனியே நிற்கிறது, வேரோடு பிடுங்கிக் கண்ணாடிக் குவளையில் வைத்ததுபோல.

டென்னிஸனிடம் இருந்த உணர்ச்சியைவிடப் பால்ஃபிடம் இருப்பது அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில் அது குறைவு. மிகையுணர்ச்சி என்ற நம் சொல்லே இங்கே தவறான திசையைக் காட்டுகிறது. மிகை எதுவும் நடக்கவில்லை; கழித்தல்தான் நடந்திருக்கிறது. காதலிலிருந்து கொலையையும், வீட்டிலிருந்து வீட்டின் சண்டையையும், சாவிலிருந்து பிணத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிற தூய உணர்ச்சிதான் கூடத்தில் பரிமாறப்பட்டது. விருந்தாளிகள் எல்லாரும் ஒருசேரத் தலையசைக்க வேண்டுமானால், யாரையும் உறுத்தக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை எந்தப் பதிப்பாளரும் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த அறையின் நாற்காலிகளே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

*

இப்போது 'லாஸ்ட் கார்ட்'. ப்ராக்டர் சாதாரண ஆள் இல்லை. டிக்கன்ஸின் பத்திரிகைக்குப் புனைபெயரில் கவிதை அனுப்பித் தன் தகுதியில் அச்சேறியவர். டிக்கன்ஸ் அவருடைய குடும்பத்துக்கு நண்பர் என்பதால், சலுகை வேண்டாம் என்று பெயரை மறைத்தவர். பெண்களுக்கு வேலை வாய்ப்புத் தேடித்தந்த சங்கத்தில் உழைத்தவர். 1864இல், நாற்பது வயதைத் தொடாமல், காச நோயில் இறந்தார். அவர் கவிதைக்கு வைத்த தலைப்பு 'எ லாஸ்ட் கார்ட்'. கார்ட் என்பது ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரச்சேர்க்கை. ஏதோ ஒரு சேர்க்கை, தொலைந்துபோன ஒன்று. ஸல்லிவனின் பாட்டில் 'எ' போய் 'தி' வந்தது. ஒன்று என்பது அந்த ஒன்று ஆகிவிட்டது. மூன்றெழுத்தில் ஒரு விமர்சனம் அடங்கியிருக்கிறது.

கவிதையின் சங்கதி இது. மனம் சோர்ந்த ஒருவர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து விரல் போன போக்கில் வாசிக்கிறார். திடீரென்று ஒரு ஸ்வரச்சேர்க்கை எழுகிறது. அது வலியையும் கலக்கத்தையும் ஆற்றிவிட்டு மௌனத்துக்குள் மறைகிறது. பிறகு எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை. மரணத்தின் தூதன் ஒருவேளை அதை மறுபடி ஒலிக்கலாம், மறு உலகில்தான் அதைக் கேட்கமுடியுமோ என்னவோ என்று முடிகிறது. அந்த 'ஒருவேளை'யில்தான் கவிதையின் உயிர். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் கையில் எதுவும் இல்லை.

ஸல்லிவனின் ஆரம்பம் அருமையானது. ஆர்கனை நினைவூட்டும் ஸ்வரச்சேர்க்கைகள் கீழே நகர, குரல் ஒரே ஸ்வரத்தில் நின்று பேசுவதுபோல் தொடங்குகிறது. அசையத் தெம்பில்லாத ஒரு மனம். அண்ணனின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் களைப்பு அதில் இருக்கிறது என்று சொன்னால் மறுக்கமாட்டேன். நடுப்பகுதியின் தேடலும் நன்றாகவே போகிறது. கடைசிப் பத்தியில்தான் விபரீதம். பியானோ முழு வீச்சில் முழங்குகிறது. குரல் தன் உச்சத்துக்கு ஏறுகிறது. ஹாலின் கடைசி வரிசைவரை அதிரும்படி அந்த மகத்தான ஆமென் நம் காதில் விழுகிறது. கவிதை எதைக் கிடைக்கவில்லை என்று சொல்கிறதோ அதை இசை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. 'ஒருவேளை' என்ற சொல்லைப் பாடகி உச்சரிக்கிறார். கேட்பவர் காதில் விழுவது 'நிச்சயம்'. தொலைந்தது கிடைத்துவிட்டது, 2 ஷில்லிங்.

இதில் ஸல்லிவன் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சாகும் அண்ணனுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அந்த நிச்சயம் வேண்டியிருந்தது. அவன் அதை முழுமனதோடு விரும்பினான். அந்த விருப்பம் உண்மை. ஆனால் விருப்பம் உண்மையாக இருப்பதும் விரும்பியது உண்மையாக இருப்பதும் வேறு வேறு. இரண்டையும் பிரித்து நிறுத்துகிற வேலையைச் செய்யவேண்டியது உருவம். கூடத்துப் பாட்டின் உருவம் அதைச் செய்யவில்லை. செய்வதற்காக அது அமைக்கப்படவும் இல்லை. ஒரு குரல், அந்தக் குரலுக்குப் பணிவிடை செய்யும் ஒரு வாத்தியம், இறுதியில் ஓர் உச்சம், பிறகு கைதட்டல். அங்கே எதிர்க்குரல் எழுப்ப யாரும் இல்லை. துக்கம் எவ்வளவு உண்மையாக உள்ளே போனாலும் அந்த அச்சில் வார்த்தபிறகு ஒரே வடிவத்தில்தான் வெளியே வரும்.

*

கூட்டுப் பாட்டின் பின்னணி வேறு. 1840களில் இங்கிலாந்தில் பாட்டுக் கற்கும் வேட்கை ஒன்று பரவியது. 1841இல் ஜான் ஹல்லா லண்டன் எக்ஸெடர் ஹாலில் வகுப்புகள் தொடங்கினார். அதே வருஷம் ஜோஸஃப் மைன்ஸர் 'லட்சம் பேருக்குப் பாட்டு' என்ற கோஷத்தோடு வந்தார். ஜான் கர்வன் என்ற பாதிரியார், நாரிச் நகரத்து ஸாரா க்ளோவர் என்ற ஆசிரியையின் முறையைச் செம்மைப்படுத்தி 'டானிக் ஸோல்ஃபா'வைப் பரப்பினார். ஐந்து கோட்டு நொட்டேஷன் தெரியாதவன்கூட எழுத்துக்களைப் பார்த்துப் பாடலாம். 'டோ' என்பது எந்த சுருதியில் வைத்தாலும் டோதான். ஆதார ஷட்ஜத்தோடு பழகிய நமக்கு இது சட்டென்று விளங்கும். ஆலைத் தொழிலாளிகள், கடைச் சிப்பந்திகள், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்கள் என்று பலரும் இப்படி நாலு குரலில் பாடக் கற்றார்கள். இவர்களுக்கு அறமும் மதுவிலக்கும் போதிக்கப் பாட்டு ஒரு சாதனம் என்று நினைத்த பெரிய மனிதர்கள் இதன் பின்னால் இருந்ததும் உண்மைதான். ஆனால் பாட்டு அந்த நோக்கத்தோடு நின்றுவிடவில்லை.

'தி லாங் டே க்ளோஸஸ்'ஸின் சொற்களை எழுதியவர் ஹென்றி சோர்லி. 'அதீனியம்' இதழில் முப்பது வருஷங்களுக்கு மேல் இசை விமர்சனம் எழுதியவர். ஷூமனையும் வாக்னரையும் சகித்துக்கொள்ளாத பழமைவாதி. அவர் எழுதிய சொற்களில் தனித்தனியாகப் பார்த்தால் விசேஷம் ஒன்றுமில்லை. நட்சத்திரமில்லாத ஏரி, நின்றுபோன கடிகாரம், உதிரும் இலைகள், அணையப்போகும் அடுப்பு. எல்லாம் அந்தக் காலத்துக் கவிதைச் சாமான்கள். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் இல்லை, இல்லாதவைதான் கவனிக்கத்தக்கவை. ஒன்று, சொர்க்கம் இல்லை. தேவதை, ஆமென், மறு உலகம் எதுவும் வரவில்லை. போகச் சொல்லும் இடம் கனவுகூட இல்லாத ஒரு படுக்கை. 1868இல், ஒரு ஆங்கிலக் கனவானின் பேனாவிலிருந்து, இது சாதாரண காரியமல்ல. இரண்டாவது, 'நான்' இல்லை. யாரோ ஒருவரை நோக்கிச் சொல்லப்படுகிறது. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று தெரியாது. அகப்பாட்டில் பேசுபவருக்குப் பெயர் கூடாது என்று நம் இலக்கணம் விதித்ததன் நியாயம் இந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு இன்னொரு முறை விளங்கியது. பெயர் வந்தால் துக்கம் அவருக்குச் சொந்தமாகிவிடும். நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவோம்.

இசையும் அப்படியே. ஆண்குரல்கள் நான்கு, வாத்தியம் இல்லை. நான்கும் பெரும்பாலும் ஒரே அசையில் சேர்ந்து நகர்கின்றன, தணிந்த ஒலியில். ஒவ்வொரு பத்தியும் அதே சொற்களில் வந்து முடிகிறது. அந்தி எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இறங்குவதுபோல. கடைசிப் பத்தியில் ஒருமுறை குரல்கள் உயர்கின்றன. 'லாஸ்ட் கார்ட்' தெரிந்தவர்கள் அதே முழக்கத்தை இங்கேயும் எதிர்பார்ப்பார்கள். வருவதில்லை. எழுந்த ஒலி உடனே அடங்கி, தாழ்ந்து, கிட்டத்தட்டக் கேட்காமல் முடிகிறது. ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை; யாரும் மீட்கப்படவில்லை. நான்கு பேர் மூச்சை ஒன்றாக அடக்கி, ஒன்றாக விடுகிறார்கள். அவ்வளவுதான்.

இங்கே உருவம் என்ன செய்கிறது என்பதைப் பாடுபவர்களின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கூடத்துப் பாட்டுக்காரருக்கு அழ உரிமை உண்டு. குரல் தழுதழுத்தால் விற்பனை கூடும். நால்வரில் ஒருவன் தழுதழுத்தால் ஸ்வரச்சேர்க்கை உடைந்துவிடும். தன் துக்கத்தை வைத்துக்கொண்டே அவன் மற்ற மூவரைக் கேட்க வேண்டும். சுருதியைவிட்டு இறங்காமல் இருக்க வேண்டும். பக்கத்துக் குரல் ஓங்கும் இடத்தில் தான் தணிய வேண்டும். கட்டுப்பாடு என்று நாம் விமர்சனத்தில் அருவமாகப் பேசுவது அங்கே தொண்டைத் தசையின் வேலையாக இருக்கிறது. தொலைந்த ஸ்வரச்சேர்க்கையைத் தேடியவர் ஒற்றைக் குரலில் தேடினார். ஸ்வரச்சேர்க்கை என்பதோ ஒரு குரலால் உண்டாக்கவே முடியாத பொருள். கூட்டுப் பாட்டில் அது ஒவ்வோர் அசையிலும் உண்டாகி, ஒவ்வோர் அசையிலும் தொலைகிறது.

*

என் கட்சியை நானே கொஞ்சம் கடுமையாக விசாரிக்க வேண்டும். உருவம் மட்டும் காப்பாற்றிவிடும் என்றால் அந்தக் காலத்துக் கூட்டுப் பாட்டுகள் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். இல்லை. வசந்தம், இடையர்கள், நிலவு, படகு என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி செத்துவிட்டது, சாகவேண்டியதுதான். உருவம் ஒரு சாத்தியத்தைத் திறந்துவைக்கிறது, அவ்வளவே. அந்தச் சாத்தியத்தின் உச்சம் விக்டோரியா இறந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. மேரி கோலரிட்ஜின் எட்டு வரிக் கவிதைக்கு 1910இல் ஸ்டான்ஃபோர்ட் அமைத்த 'தி ப்ளூ பேர்ட்'. ஓர் ஏரி, அதன்மேல் பறக்கும் ஒரு பறவை, நீருக்குள் அதன் நிழல். பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் என்ன உணர்ந்தார் என்பது சொல்லப்படவில்லை. அசையாத மற்றக் குரல்களின்மேல் ஸோப்ரானோ மிதந்து, இசை ஒரு முடிவுக்கு வந்து சேராமலே நின்றுவிடுகிறது. படிமம் என்ற சொல்லை எஸ்ரா பவுண்ட் கொடி பிடித்து முழங்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. விக்டோரியக் கூட்டுப் பாட்டு மரபின் பழக்கப்பட்ட பாதையிலேயே நடந்து ஒருவர் அங்கே வந்து நின்றிருக்கிறார்.

எதிர்ப்பக்க நியாயமும் இருக்கிறது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட அந்த மாத இறுதியில் நியூயார்க் மெட்ரொபாலிடன் ஓபெராவில் நடந்த நிகழ்ச்சியில் கரூஸோ பாடியது 'தி லாஸ்ட் கார்ட்'. அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தப் பாட்டின் முடிவு கவிதைக்கு துரோகம் செய்கிறது என்று சொல்ல என்னால் முடிந்திருக்காது. நிச்சயம் தேவைப்படுகிற நேரங்கள் மனிதனுக்கு உண்டு. அந்தத் தேவையைப் பரிகசிப்பது விமர்சனமாகாது. ஆனால் தேவையைத் தீர்த்துவைப்பதும் கலையும் ஒன்று என்று ஒப்புக்கொள்வதும் விமர்சனமாகாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று எனக்குத் தோன்றுவது ஜாய்ஸ். அவரே நல்ல டெனார். 1904இல் டப்ளினில் இசைப் போட்டியில் பரிசு பெற்றவர். அதே வருஷம் ஆகஸ்டில் ஜான் மக்கார்மக்கோடு ஒரே மேடையில் பாடியவர். கூடத்துப் பாட்டு அவருக்கு உள்ளங்கைக் கோடு. 'யுலிஸிஸ்'ஸில் (1922) மாலி ப்ளூம் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் பாடப்போகிற பாட்டுகளில் ஒன்று மொலாய் இசையமைத்து 1884இல் வந்த 'லவ்ஸ் ஓல்ட் ஸ்வீட் ஸாங்'. அந்திவேளை, பழைய காதலின் இனிய பாட்டு, கூடத்துக்கே உரிய சரக்கு. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்யும் பாய்லன்தான் அன்று பிற்பகல் அவள் படுக்கைக்கு வரப்போகிறவன். அவள் புருஷனுக்கு அது தெரியும். நாள் முழுவதும் அந்தப் பாட்டு அவன் தலைக்குள் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டேயிருக்கிறது. ஜாய்ஸ் அதைக் கேலி செய்யவில்லை. கூடம் எதையெல்லாம் கழித்ததோ அதையெல்லாம் திரும்பக் கூட்டினார்: செத்துப்போன குழந்தையை, துரோகத்தை, பசியை, உடம்பை. டென்னிஸனிடமிருந்து பால்ஃப் வெட்டி எடுத்ததை வேறொரு பாட்டுக்கு ஜாய்ஸ் கடனாகத் தீர்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. தனிக் குரலாக இருந்த பாட்டைச் சுற்றி அவர் மற்றக் குரல்களை எழுதினார். மலிவான பாட்டு என்று நாம் ஒதுக்கியது அங்கே தாங்கமுடியாததாகிறது.

டெரன்ஸ் டேவிஸ் 1992இல் எடுத்த படத்துக்குப் பெயரே 'தி லாங் டே க்ளோஸஸ்'. படம் முடியும்போது மேகங்கள் நிலவைக் கடந்து போகும் ஒரு நீண்ட ஷாட். அதன்மேல் ஸல்லிவனின் அந்தக் கூட்டுப் பாட்டு. கூடவே எந்த விளக்கமும் இல்லை. பாட்டு அந்த மௌனத்தைத் தாங்குகிறது.

*

ஆகவே, ஒரு படைப்பின் முன்னால் நாம் கேட்கப் பழகியிருக்கும் கேள்வியை மாற்றவேண்டும் என்று நினைக்கிறேன். எழுதியவன் உண்மையாக அனுபவித்தானா என்பதற்கு ஸல்லிவன் தரும் பதில் நமக்கு உதவவில்லை. ஆம் என்கிறது, ஆனாலும் பாட்டு தோற்றிருக்கிறது. காசுக்காக எழுதினானா என்பதும் உதவவில்லை. இரண்டு பாட்டும் விற்பனைக்கு வந்தவை. கேட்கத் தகுந்தது வேறு. இந்த உருவத்துக்குள் உணர்ச்சி நுழைந்தபோது, அதை மறுக்கவோ சந்தேகிக்கவோ கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கவோ இன்னொரு குரலுக்கு இடம் இருந்ததா? ஒரே குரலில் அமைந்த பத்து வரிக் கவிதைக்குள்ளும் அந்த இடத்தை உண்டாக்கலாம். ப்ராக்டரின் 'ஒருவேளை' அப்படிப்பட்ட இடம். நானூறு பக்க நாவலிலும் அது இல்லாமல் போகலாம். சொந்தத் துக்கத்தை எழுதும் நம் கவிஞர்கள் பலர், கடைசி வரியில் ஒரு பியானோவை முழங்கவிடுகிறார்கள் என்பது என் குறை. துக்கம் பொய் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. பியானோவை நிறுத்துங்கள் என்று சொல்ல உண்டு.

1888 ஆகஸ்டில் எடிஸனின் பிரதிநிதி கௌராட் ஃபோனோக்ராஃப் கருவியை லண்டன் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியபோது, அந்த மெழுகு உருளையிலிருந்து ஒலித்தது கார்னெட்டும் பியானோவும் வாசித்த 'லாஸ்ட் கார்ட்'. அக்டோபரில் ஒரு விருந்தில் ஸல்லிவனே அதே கருவியில் பேசினார். அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பு தன்னை வியக்கவைப்பதாகவும், மோசமான இசை எவ்வளவோ இனி நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்று நினைக்கத் திகிலாக இருப்பதாகவும் எடிஸனிடம் சொல்கிறார். எந்த இசையை நினைத்து அப்படிச் சொன்னார் என்பதை அவர் சொல்லவில்லை.